வாசகர் கேள்வி: பில்லும் எடையும் விலையும்

ஃபிரிட்ஜ் வாங்கிப் பதினாறு மாதம் ஆகிறது. மூன்று தடவை மெக்கானிக் வந்தும் குளிர் தங்கவில்லை. கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுகிறார். வக்கீல் வைக்க வசதியில்லை.
*- வாசகி, பாளையங்கோட்டை*

வக்கீல் தேவையில்லை. திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்களே மனுப் போட்டு நீங்களே பேசலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு நடக்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த அருமையான உரிமை இது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அவர்கள் கம்பெனியிடம் பேசிப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. மசியவில்லை என்றால் மனு, பிரமாண வாக்குமூலம், பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட் (மெக்கானிக் எழுதித் தரும் வேலை விவரத் தாள்) நகல்களுடன் ஆணையத்துக்குப் போங்கள்.

வழக்கு தோற்பது பெரும்பாலும் ஜாப் ஷீட்டில்தான். மெக்கானிக் வரும்போதெல்லாம் எந்தப் பாகம் பழுது என்று எழுதி வாங்குங்கள். 'பழுது சரி செய்யப்பட்டது' என்ற தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதுவே எதிர்தரப்பின் ஆதாரமாகிவிடும். கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி என்றாலும், குளிரூட்டும் வாயு நிரப்புவதும் கூலியும் பெரும்பாலும் அதில் சேராது. முதல் பழுது வாரண்டி இருந்த ஓராண்டுக்குள் வந்திருந்தால் அந்தத் தேதியை மனுவில் தெளிவாக எழுதுங்கள். பில் மை மங்கும் முன் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூன்றையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒன்றை விட்டால் மற்றவர்கள் பழியை அதன்மேல் போடுவார்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் அது நீளாது. எதிர்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15. தீர்ப்பை மதிக்காவிட்டால் அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவில் மனுச் செய்யுங்கள். சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு.

அல்வாவை அட்டைப் பெட்டியோடு நிறுக்கிறார்கள். இது சரியா?
*- வாசகர், மேலப்பாளையம்*

தவறு. வெறும் பெட்டியைத் தராசில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்கிய பிறகே அல்வா விழ வேண்டும். பெட்டி 45 கிராம், அல்வா கிலோ 400 ரூபாய் என்றால், அட்டைக்கு 18 ரூபாய் கொடுக்கிறீர்கள். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் கடையில் தெரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போகிறார்கள். எடைக் குற்றம் தொழிலாளர் துறையின் வேலை. உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதுங்கள். கடைப் பெயர், நாள், நேரம், பெட்டியோடு எடை, பெட்டியின் தனி எடை இருந்தால் போதும்.

எங்கள் பக்கம் செங்கல் சூளைக்காரர்கள் ஒரே நாளில் ஒரே விலை ஏற்றினார்கள். கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாமா?
*- வாசகர், அம்பாசமுத்திரம்*

கொடுக்கலாம். ஆனால் கூட்டுச் சேர்ந்து விலை வைப்பதை விசாரிப்பது டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையம். விலை ஒன்றாக இருப்பது மட்டும் குற்றமாகாது; நிலக்கரியோ டீசலோ ஏறினால் எல்லோரும் ஏற்றத்தான் செய்வார்கள். பேசி வைத்துக்கொண்டார்கள் என்று காட்ட வேண்டும். சங்கத்தின் சுற்றறிக்கை, 'இதற்குக் குறைத்து விற்காதே' என்ற வாட்ஸ்அப் செய்தி, பல சூளைகளின் ஒரே தேதியிட்ட பில்கள் ஆகியவற்றைச் சேருங்கள். 2012-ல் சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடிக்கு மேல் அபராதம் விழுந்தபோது, விலைகள் சேர்ந்தே நகர்ந்ததோடு சங்கக் கூட்டங்களும் கணக்கில் எடுக்கப்பட்டன. 3 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். ஆணையம் விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும். உங்கள் நஷ்டத்துக்கு தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுச் செய்ய வேண்டும்.