தற்காலிகப் பணியாளர்களை அலுவலக உரையாடல் குழுவிலிருந்து நீக்கலாமா?

கேள்வி: நான் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். முகவர் நிறுவனம் மூலம் வந்த தற்காலிகப் பணியாளர்கள் எங்கள் உரையாடல் செயலியின் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறார்கள். "இப்படியே விட்டால் நாளைக்கு நிரந்தரம் கேட்டு வழக்குப் போடுவார்கள், எல்லாரையும் எடுத்துவிடுங்கள்" என்கிறார் மேலாளர். சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

பதில்: எந்தக் குழுவில் யார் இருக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை பொதுவாக நிறுவனத்துக்கு உண்டு. சம்பள விவரமும் வாடிக்கையாளர் தரவும் புழங்கும் இடத்தில் வேலைக்குத் தேவையில்லாத எவரும் இருக்க வேண்டியதில்லை. நிரந்தரப் பணியாளரும் இதற்கு விலக்கல்ல.

ஆனால் மேலாளர் சொல்லும் காரணத்தை நம்பி இதைச் செய்யாதீர்கள். அமெரிக்காவில் ஊழியருக்குரிய சலுகைகள் கேட்டுத் தற்காலிகப் பணியாளர்கள் மைக்ரோசாஃப்ட் மீது தொடர்ந்த விஸ்கைனோ வழக்கைப் பாருங்கள். அந்தத் தற்காலிகப் பணியாளர்களின் அடையாள அட்டைக்கு வேறு நிறம், மின்னஞ்சல் முகவரியும் வேறு, நிறுவன விழாக்களுக்கு அழைப்பும் கிடையாது. இத்தனை வேலி போட்டும் அவர்கள் ஊழியர்களே என்ற நிலையிலிருந்து தப்ப முடியாமல், 2000-இல் 9.7 கோடி டாலர் கொடுத்து அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. நியமித்தது யார், சம்பளம் தருவது யார், ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் வேலையை விட்டு நீக்குவதும் யார், அன்றாட வேலையை முழுமையாகக் கட்டுப்படுத்துவது யார் என்றுதான் இந்திய உச்ச நீதிமன்றமும் 2014-இல் ஏர் இந்தியா உணவக ஊழியர் வழக்கில் பார்த்தது.

குழுவிலிருந்து எடுத்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். வேலை நிற்காது, மேற்பார்வையாளர் தன் சொந்தக் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் கட்டளையிடத் தொடங்குவார். இரவு பத்து மணிக்கு அவர் அனுப்பும் "நாளை விடுப்பு கிடையாது, ஏழு மணிக்கு வந்துவிடு" என்ற ஒற்றை வரி, பொதுக்குழுவில் உறுப்பினராக இருந்ததைவிடப் பன்மடங்கு வலுவான சாட்சியம். முகவர் நிறுவனத்தின் ஊழியருக்கு விடுப்பை மறுக்க உங்கள் மேற்பார்வையாளர் யார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. தீ எச்சரிக்கை, பணிநேர மாற்றம், புகார் கொடுக்கும் வழி எல்லாம் அந்தக் குழுவில் மட்டுமே வருகின்றன என்றால், அதிலிருந்து நீக்கப்பட்டவருக்கு அவை எட்டாது. ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால் "அவர் தற்காலிகப் பணியாளர்" என்ற பதில் எடுபடாது, எடுபடவும் கூடாது. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஒப்பந்ததாரர் மூலம் வருபவரையும் ஊழியர் என்றே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு உத்தரவின்படி காலிப்பணியிடத் தகவலும் முகவர் வழிப் பணியாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

ஆகவே எல்லாரையும் ஒரேயடியாக எடுக்காமல், ஸ்லாக், டீம்ஸ் போன்ற செயலிகளில் உள்ள விருந்தினர் கணக்குக்கு மாற்றி, அவரவர் வேலைக்குரிய குழுவில் வையுங்கள். பாதுகாப்பு அறிவிப்புகளுக்கும் புகாருக்கும் அனைவருக்கும் பொதுவான குழு ஒன்று இருக்கட்டும். எந்த அடிப்படையில் அனுமதி தரப்படுகிறது என்பதை எழுத்தில் வைத்து, முகவர் நிறுவனத்துக்கும் பணியாளர்களுக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். புகார் கொடுத்தவரை மட்டும் அடுத்த வாரமே நீக்கினால் அது பழிவாங்கலாகவே பார்க்கப்படும்.

கணக்கை முடக்கும்போது பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள். தகராறு வரும் அறிகுறி தெரிந்த பின் அழிப்பது, சாட்சியத்தை அழித்த குற்றச்சாட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.