கேமரா உங்களுடையதுதான், அதைக் கிளம்பும்போதே பதிந்து வையுங்கள்

மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சிவப்புத் தேவாங்கைப் படம் எடுக்க இலங்கைக்குப் போகிறேன். மதுரையிலிருந்து கொழும்பு விமானம். கேமராவும் பெரிய லென்ஸும் மூன்று வருடம் முன்பு மதுரையிலேயே வாங்கியவை. திரும்பி வரும்போது கஸ்டம்ஸில் வரி போட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அங்கே காட்டுக்குள் கேமரா கொண்டுபோக ஸ்பெஷல் பெர்மிட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் 18,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். சொந்த ஆசைக்குப் படம் எடுக்கும் சுற்றுலாப் பயணி இலங்கையின் தேசியப் பூங்காக்களில் நுழைவுச்சீட்டு வாங்குகிறார், ஜீப்புக்குப் பணம் கட்டுகிறார், உள்ளே போகிறார். சிங்கராஜா மழைக்காடு மாதிரி இடத்தில் வழிகாட்டியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். தனி அனுமதி என்பது சினிமா, விளம்பரம், ஆவணப்படம் என்று வியாபாரத்துக்காகப் படம் பிடிப்பவர்களுக்கு. அந்த அனுமதியின் பெயரைச் சொல்லித்தான் உங்களிடம் பணம் பறிக்கப் பார்க்கிறார். 'எந்தத் துறை கொடுக்கிற பெர்மிட், ரசீது யார் பெயரில் வரும்?' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அதற்கு மேல் அவர் பேசமாட்டார்.

இனி கஸ்டம்ஸ். உங்கள் நண்பர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. இந்தியாவிலிருந்து நீங்களே கொண்டுபோன பொருளைத் திரும்பக் கொண்டுவந்தால் அதற்கு வரி கிடையாது. ஆனால் அது நீங்கள் கொண்டுபோன பொருள்தான் என்பதை யார் சொல்வது? வரும்போது உங்கள் பையைத் திறக்கும் அதிகாரிக்கு அது இங்கே வாங்கியதா, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ போன வாரம் வாங்கியதா என்று பார்த்தவுடன் தெரியாது. அதனால் போகும்போதே விமான நிலையக் கஸ்டம்ஸ் அதிகாரியிடம் பொருளைக் காட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். கேமராவின் மாடல், சீரியல் நம்பர், லென்ஸின் சீரியல் நம்பர் எல்லாம் அதில் ஏறும். திரும்பி வரும்போது கேள்வி வந்தால் அந்தத் தாளை நீட்டினால் போதும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இமிக்ரேஷன் முத்திரை விழுந்த பிறகு கஸ்டம்ஸைத் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஏதாவது லென்ஸை செக்-இன் பெட்டியில் போடுவதாக இருந்தால் பெட்டியை விமான கம்பெனியிடம் ஒப்படைப்பதற்கு முன்பே காட்டியாக வேண்டும். பொருளைக் கண்ணால் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். மதுரையிலிருந்து நேராகக் கொழும்பு என்பதால் உங்களுக்கு எல்லாம் மதுரையிலேயே முடிந்துவிடும். சென்னை போய் அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிப்பவர்கள் சென்னையில் வாங்க வேண்டும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

நம்பர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வனவிலங்குப் படம் எடுப்பவர்கள் பெரிய லென்ஸுக்குக் காட்டு நிறத்தில் ரப்பர் உறை மாட்டுவார்கள். சில லென்ஸில் சீரியல் நம்பர் அந்த உறைக்கு அடியில், கேமராவில் மாட்டும் மவுண்ட் பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கவுண்டரில் நின்றுகொண்டு உறையை உரித்துக்கொண்டிருக்காதீர்கள், முதல் நாளே கழற்றி வையுங்கள். கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ட்ரைபாடில் ஏறி இறங்கித் தேய்ந்திருந்தால், நம்பர் பில்லிலும் அட்டைப்பெட்டியிலும் இருக்கும். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பில்லின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

முகத்தையும் கைரேகையையும் வைத்து ஆளை அடையாளம் காண்கிற காலத்தில், ஒரு லென்ஸின் நம்பரைப் பதிய பயணி ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்துகொண்டு நிற்கவேண்டியிருப்பது எனக்கும் எரிச்சல்தான். உரிமையாளர் பெயரோடு ஒரு தடவை பதிந்தால் நாட்டின் எந்த விமான நிலையத்திலும் செல்லும்படி வைக்க என்ன கஷ்டம்? பலமுறை சொல்லியாகிவிட்டது. மாறும்வரை தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் நமக்குப் பிழைப்பு.

இதில் ஒரு விதிவிலக்கை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஒரு பயணி இவ்வளவு மதிப்புக்குப் பொருளை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று சாதாரணமாக ஒரு வரம்பு இருக்கிறது. லேப்டாப் அந்த வரம்புக்கு வெளியே, தனியாகக் கொடுத்த சலுகை. அங்கே புதிதாக வாங்கியதாக இருந்தாலும் சரி. ஒன்றுதான், இரண்டு கிடையாது. குழந்தையின் பெயரில் இன்னொன்று என்று சொல்லவும் முடியாது. லேப்டாப்புக்கு உள்ள இந்தச் சலுகை கேமராவுக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, 'எலக்ட்ரானிக்ஸ்தானே சார்' என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். கேமராவுக்கு அது கிடையாது.  வெளிநாட்டில் புது லென்ஸ் வாங்கினால் அது உங்கள் பொதுவான வரம்புக்குள்தான் வரும். வரம்பைத் தாண்டினால், வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள். 'அட்டைப்பெட்டியை வீசிவிடு, ரெண்டு கீறல் போடு, பழசு மாதிரி ஆயிடும்' என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். பிடிபட்டால் 1962ஆம் வருடத்துக் கஸ்டம்ஸ் சட்டத்தில் பொருளும் போகும், அபராதமும் வரும். யோசனை சொன்னவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

நான் அதிகம் பயப்படுவது குருவிகளுக்குத்தான், அதாவது விமானத்தில் கடத்தல் சரக்கைக் கொண்டுவரும் ஆட்களுக்கு. திரும்பும்போது கொழும்பு விமான நிலையத்தில் நம்ம ஊர்ப் பேச்சோடு ஒருத்தர் வருவார். 'அண்ணே, எனக்கு வெயிட் அதிகமாயிடுச்சு, இந்த கேமராப் பையை மட்டும் மதுரையில கொடுத்துடுங்க.' உங்கள் கையில் இருந்தால் அது உங்கள் பொருள். உள்ளே தங்கமா, ஆமைக்குஞ்சா என்பது ஸ்கேனரில் தெரியும்போதுதான் உங்களுக்கும் தெரியும். ஆமை, பாம்பு, குரங்குக்குட்டி என்று தமிழ்நாட்டு விமான நிலையங்களில் எத்தனை முறை பிடித்துவிட்டார்கள். வனவிலங்குச் சட்டம் 2022இல் திருத்தப்பட்ட பிறகு, சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் வெளிநாட்டு உயிரினங்களும் அதற்குள் வந்துவிட்டன. யார் என்ன கெஞ்சினாலும் முடியாது என்று சொல்லுங்கள். பெரியவர், ஊர்க்காரர் என்றெல்லாம் பார்க்காதீர்கள். அங்கே பொறுக்கும் சங்கு, பவளத்துண்டு, முள்ளம்பன்றி முள், இறகு எதையும் நீங்களும் பையில் போடாதீர்கள்.

தேவாங்கைப் பற்றியும் சொல்லவேண்டும். அது இரவில்தான் நடமாடும், தேசியப் பூங்காக்களின் வாசலோ மாலையில் மூடிவிடும். இந்த இடைவெளியில் புகுந்து பிழைப்பவர்கள் உண்டு. 'காட்டுல தேட வேண்டாம் சார், வீட்டுலயே வெச்சிருக்கேன்' என்று கூண்டிலிருந்து எடுத்துக் கிளையில் உட்கார வைப்பார்கள். தாய்லாந்து, இந்தோனேசியா பக்கம் அதன் உறவான மந்தத் தேவாங்கின் பல்லைப் பிடுங்கி, சுற்றுலா வந்தவர் தோளில் ஏற்றுகிறார்கள். அதற்கு விஷக்கடி உண்டு, அதனால்தான் பல்லைப் பிடுங்குகிறார்கள். அப்படிப் படத்துக்குக் காசு கொடுத்தால் அடுத்த குட்டியைப் பிடிக்க நீங்கள் முன்பணம் கொடுத்ததாக அர்த்தம். மரத்தில் தானாக இருக்கும் தேவாங்கை, சிவப்பு விளக்கில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அதன் கண் இருட்டுக்கென்றே அமைந்தது. ஃபிளாஷ் அடித்தால் சற்று நேரம் அதற்குக் கிளையே தெரியாது. கேமராவின் ஒளி உணரும் திறனை, அதாவது ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும். இடத்தின் பெயரையும் வெளியே போடாதீர்கள். இலங்கை மலைப்பகுதியின் ஹார்ட்டன் சமவெளித் தேவாங்கு அழிந்தேபோனது என்று நினைத்திருந்தார்கள். 2010இல் அதன் முதல் படங்கள் வெளிவந்துதான் அது உயிரோடிருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. உங்கள் படத்துக்கும் அந்த மதிப்பு வேண்டுமானால், அந்த விலங்கைத் தொந்தரவு செய்யாமல் எடுங்கள்.

போகும் முன் கை பழக வேண்டுமா? நம் பக்கத்து அய்யலூரிலும் கடவூர் மலையிலும் சாம்பல் தேவாங்கு இருக்கிறது. 2022இல் அங்கே 11,806 ஹெக்டேரைத் தேவாங்கு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

ட்ரோன் வேண்டாம், வீட்டில் வைத்துவிடுங்கள். கூடுதல் பேட்டரியையும் பவர் பேங்க்கையும் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, கையில் எடுத்துப்போகும் பையில் வையுங்கள். சான்றிதழை அந்தப் பையிலேயே, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.