விரல் வலிக்கு நைலான்தான் தீர்வா?

கேள்வி: உறவினர் தந்த பழைய கிட்டாரில் ஒரு மாதமாகக் கற்றுவருகிறேன். ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்டிருக்கிறது. பத்து நிமிடத்திலேயே விரல் நுனி எரிகிறது. எஃப் கார்டு பிடிக்கவே முடியவில்லை. ‘புதுசா கத்துக்கிறவங்க நைலான்தான் போடணும்’ என்கிறார் ஒருவர். ‘நைலான்ல பழகிட்டா அப்புறம் ஸ்டீல் வராது’ என்கிறார் இன்னொருவர். இதே கிட்டாரில் ஸ்ட்ரிங்கை மட்டும் மாற்றிவிடலாமா? கார்டு வாசித்துக்கொண்டே பாட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பதில்: ஸ்ட்ரிங்கை மாற்றுவதற்கு முன்னால், உங்களிடம் இருப்பது எந்த வகைக் கிட்டார் என்று பாருங்கள். பழைய கிட்டார் என்பதால் இதைச் சொல்கிறேன். கிட்டாரின் உடல்மேல் ஸ்ட்ரிங்குகள் மாட்டப்பட்டிருக்கும் கட்டைதான் பிரிட்ஜ். அதில் ஸ்ட்ரிங்கின் முனையை ஆறு சிறு பின்கள் குத்தி நிறுத்தியிருந்தால் அது ஸ்டீலுக்கென்றே செய்த கிட்டார். பின் இல்லாமல், பிரிட்ஜின் துளைக்குள் ஸ்ட்ரிங்கை விட்டுச் சுற்றி முடிச்சுப் போடும் அமைப்பு இருந்து, தலைப்பகுதியில் நீளவாக்கில் இரண்டு பெரிய திறப்புகளும் இருந்தால் அது கிளாசிக்கல் கிட்டார், நைலானுக்கானது. நட்டின் (நெக்கின் தலைப்பக்க முனையில் ஸ்ட்ரிங்குகள் பதிந்து செல்லும் சிறு பட்டை) அகலமும் காட்டிக்கொடுக்கும்: ஸ்டீல் கிட்டாரில் 43, 44 மில்லிமீட்டர்; கிளாசிக்கலில் 52 வரை.

கிளாசிக்கல் கிட்டாரில் யாரோ ஸ்டீலை மாட்டியிருந்தால், இன்றைக்கே எல்லா ஸ்ட்ரிங்கையும் தளர்த்திவிடுங்கள். நைலான் செட் மொத்தமாக இழுப்பது சுமார் 40 கிலோ. 12-53 ஸ்டீல் செட் (முதல் ஸ்ட்ரிங் 0.012 அங்குலம், ஆறாவது 0.053 அங்குலத் தடிமன்) இழுப்பது சுமார் 70 கிலோ. கிளாசிக்கல் கிட்டாரின் மேல்பலகை மெல்லியது, உள்ளே இருக்கும் தாங்குகட்டைகளும் மெல்லியவை. பெரும்பாலானவற்றில் நெக்குக்குள்ளிருந்து அதைத் தாங்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடும் கிடையாது. மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. நாளாக ஆக பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பும், ஸ்ட்ரிங் ஃப்ரெட்போர்டை (விரல் அழுத்தும் பலகை) விட்டு மேலே எழும், அழுத்துவது கடினமாகிக்கொண்டே போகும். பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் ஒருநாள் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

பின் வைத்த ஸ்டீல் கிட்டார் என்றால், அதில் நைலான் போட வேண்டாம். உடைந்துவிடாது, ஆனால் நன்றாகவும் இருக்காது. 70 கிலோ இழுப்புக்காகக் கட்டிய தடித்த பலகையை 40 கிலோ இழுப்பால் போதுமான அளவு அதிரவைக்க முடியாது. சத்தம் அடங்கிப்போகும். ஸ்டீலின் முதல் ஸ்ட்ரிங் 0.25 அல்லது 0.30 மி.மீ.; நைலானில் அதுவே 0.7 மி.மீ. நட்டில் வெட்டிய பள்ளத்துக்குள் அது இறங்காமல் மேலே உட்கார்ந்துகொள்ளும். நைலான் அகலமாக ஆடுவதால் ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பட்டு இரைச்சலும் வரும். முனையில் உருண்டை வைத்த நைலான் செட்டும் கிடைக்கிறது. ஆனால் அதனால் தீர்வது மாட்டுவதில் உள்ள சிரமம் மட்டும்தான்.

உங்கள் வலிக்கு வருவோம். ஸ்டீல் மெல்லியது, அதனால் நைலானைவிட விரலில் அதிகம் பதியும். அது உண்மைதான். ஆனால் ஒரு மாதம் கழித்தும் பத்து நிமிடத்தில் எரிகிறது, எஃப் வரவே இல்லை என்றால் கிட்டாரின் செட்டப்பில்தான், அதாவது ஸ்ட்ரிங்கின் உயரம் போன்றவற்றைச் சரிசெய்து வைத்திருக்கும் விதத்தில்தான், எனக்குச் சந்தேகம்.

முதலில் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால், விரலில் கறுப்பு ஒட்டினால், துருப்பிடித்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு பழகவே கூடாது. அடுத்து, கிட்டாரை ட்யூன் செய்துவிட்டு, 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் முனையிலிருந்து ஸ்ட்ரிங்கின் அடிவரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். தடித்த ஆறாவது ஸ்ட்ரிங் 2.5 மி.மீ., மெல்லிய முதல் ஸ்ட்ரிங் 2 மி.மீ. அளவில் இருந்தால் சரி. மூன்றைத் தாண்டினால் யாருக்கும் வலிக்கும்.

இன்னொரு சோதனை எஃப் கார்டுக்காகவே. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுவிட்டு, அதற்கு மேல் அதே எஃப் வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் உங்கள் நட் உயரமாக இருக்கிறது. எஃப் முதல் ஃப்ரெட்டில், நட்டுக்குப் பக்கத்திலேயே பிடிக்கும் கார்டு; அங்கே ஸ்ட்ரிங் கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் இருமடங்கு அழுத்தம் கேட்கும். மூன்றாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பார்த்தால், தலைமுடி அளவு இடைவெளிதான் தெரிய வேண்டும்.

12-ஆவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம், நட்டின் உயரம் இரண்டையும் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். நட்டின் பள்ளத்தை ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் தடிமனுக்கும் ஏற்ற அரத்தால் இழைக்க வேண்டும். கொஞ்சம் கூடிவிட்டால் அழுத்தாமல் மீட்டும்போதே இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும். பிரிட்ஜ் பக்கத்தில், ஸ்ட்ரிங்குகள் மேலே சாய்ந்து செல்லும் சேடில் என்ற பட்டையின் அடியைத் தேய்த்து உயரத்தைக் குறைப்பார்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய, சேடிலில் 1 மி.மீ. எடுக்க வேண்டும்.

அப்போதே 10-47 எக்ஸ்ட்ரா லைட் செட் போடச் சொல்லுங்கள். மொத்த இழுப்பு 60 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். இழுப்பு குறைந்ததும் நெக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து முதல் சில ஃப்ரெட்களில் இரைச்சல் வரலாம். ட்ரஸ் ராடைச் சிறிது தளர்த்தினால் அது போய்விடும். அதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். இன்னும் இலகுவாக வேண்டுமென்றால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்துகொள்ளுங்கள். வேறு யாரோடாவது சேர்ந்து வாசிக்கும்போது முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் சுருதி சரியாகிவிடும்.

விரலை இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைக்காமல், ஃப்ரெட் கம்பியை ஒட்டி அதற்குச் சற்று முன்னால் வையுங்கள். பாதி அழுத்தம் போதும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காராமல், 15 நிமிடமாக இரண்டு மூன்று தடவை வாசியுங்கள். குளித்த கையோடு வாசிக்காதீர்கள், ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். உரியும் தோலைப் பிய்க்கவும் வேண்டாம். நுனி எரிவது இயல்பு. மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்துப்போனாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

‘நைலான் கற்பவர்களுக்கானது’ என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. 1940-களில் ஆல்பர்ட் அகஸ்டின் உருவாக்கிய நைலான் ஸ்ட்ரிங்கை மேடையில் வாசித்தவர் ஸ்பானிய கிளாசிக்கல் கிட்டார் மேதை செகோவியா. அது ஒரு தனி நாதம். விரலால் மீட்டும் கிளாசிக்கல், பிரேசில் இசையான பொஸா நோவா போன்றவற்றுக்கு அதுதான் பொருத்தம். நைலானில் பழகினால் ஸ்டீல் வராது என்பதும் தவறு. கார்டு வடிவங்கள் ஒன்றேதான். விரல் நுனி இறுகவும் குறுகிய நெக்குக்குக் கை பழகவும் சில வாரம் ஆகும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்பது ஸ்ட்ரம் செய்துகொண்டே பாடுவது. அதற்கு ஸ்டீலின் நீண்டு நிற்கும் ஒலி பொருந்தும். செட்டப் முடிந்து மூன்று வாரம் வாசித்துப் பாருங்கள். அதன் பிறகும் நைலானின் மென்மையான ஒலிதான் மனதுக்குப் பிடிக்கிறது என்றால், தனியாக ஒரு கிளாசிக்கல் கிட்டார் வாங்குங்கள். 52 மி.மீ. நெக்கில் உங்கள் விரல் எட்டுகிறதா என்று கையில் எடுத்துப் பார்த்தே வாங்குங்கள். புது நைலான் ஒரு வாரம்வரை இழுபட்டுக்கொண்டே இருக்கும். தினம் நாலைந்து தடவை ட்யூன் செய்ய வேண்டியிருக்கும். அது பழுதில்லை.