கறி வேகவில்லை, மீன் உடைகிறது, இன்னும் சில சந்தேகங்கள்

மட்டன் குழம்புக்கு ஆறு விசில் விடுகிறேன். ஒரு நாள் ரப்பர் மாதிரி இருக்கிறது, இன்னொரு நாள் குழைந்துவிடுகிறது. எத்தனை விசில்தான் கணக்கு?
– வாசகி, தேனி

விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள். தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்திலேயே ஆறு விசில் வந்துவிடும், சிறிதாக இருந்தால் அரை மணி நேரம்கூட ஆகும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இளசுக்கு 15 நிமிடம், முற்றலுக்கு 25. அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் கறிக்குள் இருக்கும் நீர் திடீரென்று கொதித்து வெளியேறும், நார் இறுகிவிடும்.

கடைக்காரர் எல்லாக் கறியையும் இளசு என்றுதான் சொல்வார். கறி அடர்சிவப்பாக, எலும்பு தடியாக, கொழுப்பு மஞ்சளோடியிருந்தால் அது முற்றல். குழம்புக்குத் தொடைக்கறி கேட்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடை சுக்காவுக்கு நல்லது. குழம்புக்கு முன்னங்கால் சப்பை, கழுத்து, நெஞ்சு எலும்பு வாங்குங்கள். அங்கே ஜவ்வு அதிகம். நிதானமாக வெந்தால் அது கரைந்து குழம்புக்குக் கொழகொழப்பைத் தரும்.

முற்றல் கறிதான் கிடைத்தது என்றால், அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் பச்சைப் பப்பாளி விழுதைத் தடவி அரை மணி நேரம் வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் மேல்புறம் மாவாகிவிடும்.

மீன் குழம்பு வற்றுவதற்குள் மீன் கரைந்து முள்தான் மிஞ்சுகிறது.
– வாசகர், காரைக்கால்

வற்ற வேண்டியது மீன் போடுவதற்கு முன்பு. அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி, இரண்டு கப் தண்ணீர். மசாலா சேர்த்துப் பச்சை வாசனை போய், எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்கட்டும். 12 முதல் 15 நிமிடம் பிடிக்கும். உங்களுக்கு வேண்டிய பதத்தைவிடக் கொஞ்சம் கெட்டியானதும் மீனைப் போடுங்கள், மீனும் தண்ணீர் விடும். ஓரங்குலக் கனத்தில் வெட்டிய வஞ்சிரத்துக்குச் சின்னத் தீயில் 6, 7 நிமிடம். மத்திக்கு 4 போதும்.

அதன்பின் கரண்டி வேண்டாம். துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். மண்சட்டி இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும், அதனால் ஒரு நிமிடம் முன்பே அணைத்துவிட வேண்டும்.

சீரக சம்பா பிரியாணி பொங்கல் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் வைக்கிறேன்.
– வாசகி, திருப்பூர்

இரண்டு கப் அதிகம். அதைவிடப் பெரிய தவறு, மட்டன் வேகவைத்த தண்ணீரையும் தக்காளி, தயிர் விட்ட நீரையும் கணக்கில் எடுக்காதது. கறி வெந்ததும் துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, பாத்திரத்தில் நிற்கும் மசாலா நீரைக் கப்பால் அளந்து பாருங்கள். அதோடு சேர்த்து மொத்தமாக, புது அரிசிக்கு ஒன்றரைப் பங்கு, பழைய அரிசிக்கு ஒன்றே முக்கால். குறைவதை மட்டும் வெந்நீராக ஊற்றுங்கள்.

அரிசியை 20 நிமிடம் மட்டும் ஊறவைத்து வடித்துவிடுங்கள். போடுவதற்கு முன் நீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு ஒரு கல் தூக்கலாகத் தெரிய வேண்டும். கறியும் அரிசியும் சேர்ந்து கொதித்து, நீர்மட்டமும் அரிசியும் சமமானதும் மூடி, தோசைக்கல் மேல் ஏற்றி 15 நிமிடம் தம். அணைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து ஓரத்திலிருந்து கிளறுங்கள். சுடச்சுடக் கிளறினால் அரிசி உடையும்.

இறால் தொக்கு கடிக்கவே முடியவில்லை.
– வாசகி, தூத்துக்குடி

மசாலாவை முதலில் சுருள வதக்கி முடித்துவிட்டு இறாலைப் போடுங்கள், 4 நிமிடம்தான். அரிவாள் மாதிரி வளைந்தால் வெந்துவிட்டது. மோதிரம் மாதிரி சுருண்டால் தாண்டிவிட்டது.