ஹான் பேரரசில் ஆவணங்களைக் காத்தவரே ஏன் வானத்தையும் கவனித்தார்?

பண்டைய சீனாவில் ஹான் வம்சத்து அவையில் (கி.மு. 206 – கி.பி. 220) 'தாய்ஷிலிங்' என்றொரு பதவி இருந்தது. நாட்காட்டியைக் கணிப்பதும், கிரகணம், வால்மீன் முதலியவற்றைக் குறித்து வைப்பதும், அரசு ஆவணங்களைக் காப்பதும் அப்பதவியில் இருப்பவரின் பொறுப்பு.

இன்று தொடர்பற்றவையாகத் தோன்றும் இவ்வேலைகள் ஒருவரிடம் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பேரரசர் வானத்தின் ஆணையால் ஆள்கிறார் என்றும், ஆட்சி பிசகினால் வானமே அறிகுறி காட்டி எச்சரிக்கும் என்றும் அக்காலத்தவர் நம்பினர். எனவே வானத்தின் அறிகுறிகளையும் ஆட்சியின் செயல்களையும் ஒருவரே சேர்த்துப் பதிய வேண்டியிருந்தது. மருத்துவமனையில் நோயாளியின் காய்ச்சல் அளவையும் கொடுத்த மருந்தையும் ஒரே தாளில் குறிப்பதைப் போன்றதுதான் இது.

மூங்கில் பட்டைகளில் தூரிகையால் எழுதி, பிழையைக் கத்தியால் சுரண்டி நீக்கி, பட்டைகளைக் கயிற்றால் கோத்துச் சுருட்டி வைத்தனர்.

தந்தை சிமா தானுக்குப் பின் கி.மு. 108-இல் இப்பதவியை ஏற்ற சிமா சியென், கி.மு. 104-இன் நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் பங்காற்றினார். வடக்கு எல்லைக்கு அப்பால் வாழ்ந்த சியொங்னு நாடோடி மக்களின் படையிடம் சரணடைந்த தளபதி லி லிங்குக்காகப் பரிந்து பேசியதால் பேரரசர் வூவின் சினத்துக்கு ஆளாகி, ஆண்மை நீக்கும் தண்டனை பெற்றார். அந்த அவமானத்துக்குச் சாவே மேல் என்று பலர் கருதிய காலத்தில், தொடங்கிய நூலை முடிப்பதற்காகவே அவர் உயிர் வாழ்ந்தார். 130 அத்தியாயங்கள் கொண்ட 'ஷிஜி' என்ற வரலாற்று நூல் அவ்வாறு உருவானது.

பலர் நினைப்பதைப் போல ஷிஜி அரசு எழுதுவித்த வரலாறு அன்று. பதவியால் ஆவணங்கள் கைக்கு எட்டினவேயன்றி, நூல் தந்தையும் மகனும் தாமாக மேற்கொண்ட பணியே. முந்தைய வம்சங்களின் வரலாற்றைக் குழு அமைத்து எழுதுவிக்கும் அரசு அலுவலகம் பிற்காலத்துத் தாங் வம்சத்தில்தான் நிலைபெற்றது.