மோப்ப நாய்க்கு வெடிமருந்து இருப்பது எப்படித் தெரிகிறது?

வெடிமருந்தைச் சிறிது தின்னக் கொடுத்துப் பழக்குவதால்தான் நாய் அதைத் தேடி அலைகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. பல வெடிமருந்துகள் நச்சுத்தன்மை கொண்டவை. நாயின் நாக்கில் படவே விடமாட்டோம். இந்த நாய்களைக் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாய் தேடுவது தன் பந்தை. இன்ன வாசனை வரும் இடத்தில் உட்கார்ந்தால் பந்து கிடைக்கும் என்று அது கற்றிருக்கிறது. குரைப்பதும் சுரண்டுவதும் கூடாது. குண்டு அசைந்தால் ஆபத்து.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நாய் பிடிப்பது பெரும்பாலும் வெடிமருந்தின் வாசனையைவிட, அதனுடன் இருக்கும் பொருள்களின் வாசனையைத்தான். ஆர்டிஎக்ஸ் என்ற வெடிமருந்து சாதாரண வெப்பநிலையில் ஆவியாவதே அரிது. அது சேர்ந்த சி-4 என்ற பிளாஸ்டிக் வெடிமருந்திலிருந்து (மாவுபோலப் பிசையக்கூடிய கலவை இது), தயாரிப்பின்போது தங்கிவிட்ட சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்கள் கசிகின்றன. 1988இல் பான் ஆம் நிறுவனத்தின் 103 என்ற பயணிகள் விமானம் பிளாஸ்டிக் வெடிமருந்துக் குண்டால் தகர்க்கப்பட்ட பிறகு, 1991இல் மான்ட்ரியலில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. எளிதில் ஆவியாகும் அடையாளப் பொருள் ஒன்றை பிளாஸ்டிக் வெடிமருந்தில் தயாரிப்பிலேயே சேர்க்க வேண்டும் என்கிறது அது. பயிற்சி மாதிரிகளை ஒரே அலமாரியில் அடைத்து வைத்தால் வாசனைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நாய் தவறான பாடம் படிக்கும். இதில் அலட்சியம் காட்டுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

நாய் விநாடிக்குச் சுமார் ஐந்து முறை முகர்கிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிப் போவதால் முன்னால் உள்ள வாசனை கலைவதில்லை. புதுக் காற்றும் மூக்கை நோக்கி இழுபடுகிறது.

பெட்டிகளின் வரிசையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் நாய், ஒன்றைத் தாண்டியதும் வெடுக்கென்று தலையைத் திருப்பும். திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். மூச்சு குறுகிக் குறுகி வரும். ஒரு மூலையை மட்டும் மீண்டும் மீண்டும் முகரும். உட்காருவது அதற்குப் பிறகுதான். வெயிலில் மூச்சிரைக்கும் நாய் வாயால் மூச்சு விடுவதால் முகர்வது குறைந்துவிடும். அப்போது ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும்.

மூக்கை நம்பலாம், கவலை கையாளுபவரைப் பற்றியதுதான். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தேடும் பொருளே இல்லாத இடத்தில் அது இருப்பதாகக் கையாளுபவர்களை நம்பவைத்தார்கள். நாய் அடையாளம் காட்டியதாக அவர்கள் பலமுறை அறிவித்தார்கள். நம் நடை தயங்கினாலே நாய் கவனித்துவிடும். அதனால்தான் மாதிரி எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதே கையாளுபவருக்குத் தெரியாத தேடல்களைப் பயிற்சியில் விடாமல் நடத்த வேண்டும் என்கிறேன்.