வாசகர் கேள்வி: மீன் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம்?

கேள்வி: எங்கள் வீட்டு வளவில், முற்றத்தை ஒட்டி 60 லிட்டர் மீன் தொட்டி, உள்ளே செடிகளோடு, இருக்கிறது. 10 வாட் எல்இடி. ரோட்டாலா என்ற தண்டுச்செடி கணு விலகி நெட்டையாக வளர்கிறது, கண்ணாடியெல்லாம் பாசி. 40 வாட் போடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு செலுத்தாத தொட்டியில் அவ்வளவு ஒளி பாசியைத்தான் வளர்க்கும். வாட்டை விடுங்கள், விளக்கின் அட்டைப்பெட்டியில் லூமென் (ஒளியின் அளவு) பாருங்கள்: லிட்டருக்கு 20 முதல் 30, அதாவது உங்களுக்கு 1,200–1,800 லூமென், ஒளியின் நிறம் 6,500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெண்மை). 18 வாட் நல்ல எல்இடியே தரும்.

பாசிக்குப் பெரிய காரணம் முற்றத்து நேர்வெயிலாக இருக்கும். தொட்டியை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். தண்ணீரை இறைத்த பிறகே தூக்குங்கள், இல்லையென்றால் சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும். புது விளக்கை டைமரில் 6 மணி நேரம் எரியவிட்டு, இரண்டு வாரம் பாசி கூடாவிட்டால் 8 ஆக்கலாம். அனுபியாஸ் (குறைந்த ஒளியே போதுமான செடி) இருந்தால் நிழலில் வையுங்கள்.